ஒரு பாட்டையாவது கேள்வி கேட்காமல் விடுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் நான். பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆகிறது. ‘உடீஇ’ சொல்லிசை அளபெடை, ‘ஒண்ணுதல்’ அன்மொழித்தொகை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டும் ஒரே பாட்டில் வரும் சொற்கள், அது ஒரு குழம்பைப் பற்றிய பாட்டு என்பதெல்லாம் போன வருடம்தான் தெரிந்தது.

குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதிதாகக் குடித்தனம் போன பெண் தயிர் பிசைகிறாள். விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மைதீட்டிய கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பு தயார். ‘இனிது’ என்று கணவன் சாப்பிட, அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “நல்லாருக்குன்னு அவனா சொன்னானா, இவ கேட்டாளா?”

மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அவள் கேட்டதாகப் பாட்டில் இல்லை. கேட்காமல் வந்ததால்தான் அந்த மகிழ்ச்சி ‘நுண்ணிதின்’ ஆனதோ என்னவோ. மகள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்த்தவள், அதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் அது தப்பவில்லை. அம்மா கேட்ட கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

இலக்கணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை இல்லாவிட்டால் என்னால் ஓரடிகூட நகர்ந்திருக்க முடியாது. ஆனால் அந்த ஐயரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பியவர் யார்? 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டவர் அவர்தான். கோர்ட்டில் தீர்ப்பு எழுத அவருக்குச் சிந்தாமணி எதற்கு? படிக்க ஆசை, அவ்வளவுதான். 1887இல் அந்நூல் அச்சேறியது.

என் வேண்டுகோள் சின்னது. வருடத்துக்கு ஒரு பாட்டு. அருஞ்சொற்பொருள் சொல்லுங்கள், அது வேண்டும். இலக்கணக் குறிப்பு, மனப்பாடம், மதிப்பெண் மூன்றும் அந்த ஒரு பாட்டுக்கு வேண்டாம். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். எனக்கும் தெரியும், வருடக் கடைசியில் எங்கள் ஆபீஸிலும் அதே பாடுதான். ஆறடிக்குக் கால் மணி நேரம் போதும்.

எந்தப் பாட்டு என்றால், குறுந்தொகையில் 25ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கபிலர் பாடியது. காதலன் தன்னைச் சேர்ந்த அன்று வேறு யாருமே அங்கில்லை என்கிறாள் ஒரு பெண். அவன் பொய்த்துவிட்டால் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள். ஒரு குருகு, கொக்கு மாதிரி நீர்ப்பறவை, மட்டும் நின்றதாம். தினைத்தாள் போலச் சின்னப் பசுங்கால், ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

அந்தக் குருகு இவர்களைப் பார்த்ததா இல்லையா என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்