பெட்டியில் ஏன் ‘பேட்டன்ட்’ என்று போடவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும் டீலர்களுக்கும்,

வணக்கம். தோட்டத்து பம்ப் மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்ட உதவும் எங்கள் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றிப் போன மாதம் பொள்ளாச்சி டீலர் ஒருவர் போன் செய்தார். “பக்கத்துக் கடையில விக்கிற மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியில ‘பேட்டன்ட் பெற்றது’ன்னு பெரிசா போட்டிருக்குதுங்க. உங்க பெட்டியில ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ன்னு சின்ன எழுத்துல இருக்குது. வர்றவங்க கேக்கறாங்க, நான் என்ன சொல்றதுங்க?” என்றார். அதற்குப் பிறகு வேறு மூன்று ஊர்களிலிருந்தும் இதே கேள்வி வந்தது. பேட்டன்ட், காப்புரிமை இரண்டும் ஒன்றுதான்: ஒரு கண்டுபிடிப்பை மற்றவர் செய்து விற்பதைத் தடுக்கும் உரிமை. போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

இந்தப் பெட்டி எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எங்கள் பழைய ஒற்றை சிம் ஸ்டார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் தோட்டக்காரர் போனுக்குச் செய்தி போக வேண்டும். அவர் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓட வேண்டும். வாரத்தில் இரண்டு ராத்திரி இது நடக்காது. “டவர் ஃபுல்லா இருக்குதுங்க, ஆனா பொட்டி பேச மாட்டேங்குது” என்பார். 2021 ஐப்பசியில் ஒரு நாள் அங்கேயே மோட்டார் ரூமில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, போர்டில் லேப்டாப்பைச் சொருகி உட்கார்ந்தேன். டவரோடு பேசும் மாட்யூலிடம் சிக்னல் எவ்வளவு என்று கேட்டால் 0 முதல் 31 வரை ஒரு எண் சொல்லும். அன்றைக்கு 27 சொன்னது. அது அருமையான சிக்னல். ராத்திரி 1.40-க்குக் கரண்ட் வந்தது. பெட்டி மூன்று முறை செய்தி அனுப்பப் பார்த்தது. மூன்றும் போகவில்லை. எண் மட்டும் 27-லேயே நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எண், டவர் பேசுவது நமக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா, கேட்டாலும் அங்கே நெரிசல் இல்லாமல் இடம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. போனில் நாம் பார்க்கிற கோடுகளும் அப்படித்தான்.

சரி, இரண்டாவது சிம் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் உள்ளே டவரோடு பேசும் ரேடியோ ஒன்றுதான். ஒரு நெட்வொர்க்கை விட்டு இறங்கி இன்னொன்றில் பதிவாவதற்கு அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் எந்த நம்பரும் எடுக்காது. இரண்டு ரேடியோ வைத்தால் விலையும் ஏறும், கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். சிக்னல் எண்ணைப் பார்த்து சிம் மாற்றினால், அந்த எண்ணே பொய் சொல்கிறதே!

கடைசியில் நாங்கள் செய்தது இரண்டு காரியம். ஒன்று, சிக்னல் எண்ணை நம்பாமல், அனுப்பிய செய்திக்கு மறுமொழி திரும்பி வந்ததா என்பதை வைத்து எந்த சிம் நல்லது என்று பெட்டி முடிவெடுக்கிறது. இரண்டு, அந்தச் சோதனையைத் த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் மட்டும் பேட்டரியில் செய்கிறது. மோட்டார் ஓட முடியாத நேரத்தில் யாரும் அதைக் கூப்பிட்டு ஓடச் சொல்ல மாட்டார்கள் இல்லையா? கரண்ட் வருகிறபோது பெட்டி ஏற்கெனவே வேலை செய்கிற சிம்மில் உட்கார்ந்திருக்கும். எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் போனுக்கு முன்பே செய்தியும் வந்திருக்கும்.

இங்கே சிலரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. 2022-ல் சோதனைக்காக மூன்று தோட்டங்களில் பெட்டி மாட்டினோம். மூடியை எபாக்சி ஊற்றி அடைத்துவிட்டோம். “உள்ளே என்னன்னு கேக்காதீங்க, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடாதீங்க” என்றோம். ஒரு பெரியவர், “என்னைய நம்பலையா தம்பி?” என்று வருத்தப்பட்டார். நம்பாமல் இல்லை ஐயா. விண்ணப்பம் போடும் முன் ஒரு பொருள் பொதுவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டாலோ, ஊருக்குத் தெரிந்துவிட்டாலோ, அது ‘புதியது’ என்ற தகுதியை இழந்துவிடும். பொதுவிடத்தில் செய்தே ஆகவேண்டிய நியாயமான சோதனைக்கு, முன்னுரிமைத் தேதிக்கு (முதல் விண்ணப்பத் தேதிக்கு) முந்தைய ஓராண்டுக்குள் செய்தால், காப்புரிமைச் சட்டத்தின் 32-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனாலும் எங்கள் பேட்டன்ட் ஏஜென்ட், “அதை நம்பி வாசலைத் திறந்து போடாதீங்க” என்றார். அதனால்தான் அந்த எபாக்சி. அந்த மூவருக்கும் புதுப் பெட்டியைத் திறந்து காட்ட நானே வருகிறேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதல் குறிப்போடு) சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும், கொடுத்தோம். சிறுதொழில் நிறுவனம் என்பதால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கட்டணம் 4,000 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இவையே 8,000, 20,000. ஏஜென்ட் செலவு தனி. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் முழுவதும் வெளியிடப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பலரும் அறியாத ஒன்று: விண்ணப்பம் போட்டுவிட்டால் அவர்களாகவே பரிசோதித்துவிட மாட்டார்கள். படிவம் 18-ல் ‘பரிசோதியுங்கள்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்களைப் போல முன்பே போட்டவர்களுக்கு அதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் புதிய விண்ணப்பங்களுக்கு அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டது.

போன ஆண்டு முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. நெஞ்சு படபடக்கத்தான் திறந்தேன். பெட்டிக்கான கோரிக்கைகள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதிய வரிகள், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் ஆட்சேபம்.

பரிசோதகர் என்ன பார்க்கிறார்? எங்கள் பெட்டியை அவர் மாட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த உரிமைக் கோரிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொண்டு, உலகில் எங்காவது அதற்கு முன் வெளியான ஆவணத்தில் அது இருக்கிறதா என்று தேடுகிறார். பேட்டன்ட் ஆவணங்களை உலகம் முழுக்க ஒரே மாதிரி வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். பல நெட்வொர்க்குகளில் வேலை செய்யக்கூடிய கருவிகளுக்கென்றே ‘ஹெச்04டபிள்யூ 88/06’ என்று ஓர் அலமாரி உண்டு. அந்த அலமாரி நிரம்பி வழிகிறது. எங்கள் முதல் கோரிக்கையில், “ஒன்றுக்கு மேற்பட்ட மொபைல் நெட்வொர்க்குகளோடு இணைந்து, இணைப்பின் தரத்தைப் பொறுத்து மாறிக்கொள்ளும் கம்பியில்லாக் கருவி” என்று அகலமாக எழுதியிருந்தோம். அதற்கு இரண்டு வெளிநாட்டு ஆவணங்களை எடுத்து நீட்டினார். டி1, டி2 என்று பெயர். டி1-ல் இரண்டு சிம்களுக்கு நடுவே மாறுகிற போன். டி2-ல் செய்தி போகாவிட்டால் வேறு வழியில் முயலும் மீட்டர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் உங்கள் கோரிக்கையை எளிதில் எட்டிவிடுவார், இதில் கண்டுபிடிப்பு என்று சொல்லும்படியான புதுப் படி எங்கே என்று கேட்டார். கூடவே அதே சட்டத்தின் 3(கே) பிரிவு: கணினி நிரல் மட்டுமே ஆனதற்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது, நீங்கள் கேட்பது அதுதானே என்றார்.

இரண்டு நாள் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் டி1-ஐ ஒரு வரி விடாமல் படித்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு சிம் போடுவதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஃபின்லாந்தின் பெனிஃபோன் ட்வின் 2000-லேயே இரண்டு சிம்மோடு வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009-ல் நான் காந்திபுரத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். இரட்டை சிம் போன்கள் சீனாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த காலம். திடீரென்று சரக்கு கஸ்டம்ஸில் நிற்கிறது என்றார்கள். காரணம் மதுரைக்காரர் ஒருவர் கையிலிருந்த 214388 எண்ணுள்ள இந்தியக் காப்புரிமை. வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கான பல சிம் கார்டுகள் கொண்ட மொபைல் போனுக்கு 2002-ல் விண்ணப்பித்து, 2008-ல் வாங்கியிருந்தார். அப்போதைய கஸ்டம்ஸ் விதிகள்படி அதைப் பதிவு செய்ததும், இறக்குமதியாகிற இரட்டை சிம் போன்களை நிறுத்த முடிந்தது. ஸ்பைஸ், சாம்சங் போன்ற கம்பெனிகள் அந்தக் காப்புரிமையை எதிர்த்து அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. சென்னையில்தான் அதன் தலைமையிடம் இருந்தது. 2012-ல் வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. முன்பே இருந்த ஆவணங்களை வைத்துப் பார்த்தால் எளிதில் எட்டக்கூடியது என்பது முக்கியமான காரணம். அந்த வாரியமே 2021-ல் கலைக்கப்பட்டு, இப்போது இந்த வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. கஸ்டம்ஸ் விதிகளிலிருந்தும் 2018-ல் காப்புரிமையை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கடையில் அன்றைக்கு அந்த மதுரைக்காரரைத் திட்டாதவர்கள் கிடையாது. எனக்கு இன்று அவர் மேல் கோபம் இல்லை. ஒரு தனி ஆள் யோசித்து, எழுதிக் கொடுத்து, அரசு முத்திரையும் வாங்கி, அதை வைத்துப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். ஆனால் அந்த வழக்கு எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அகலமாகக் கேட்டு வாங்கிய காப்புரிமை, கையில் வந்த பிறகும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பரிசோதனையில் தப்பியது வழக்கில் மாட்டிக்கொள்ளும். பரிசோதகர் இப்போதே கறாராகக் கேட்டது எங்களுக்கு நல்லதுதான்.

பதில் தர ஆறு மாதம் இருந்தது. கோரிக்கையைக் குறுக்கினோம். ‘கம்பியில்லாக் கருவி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘மும்முனை (த்ரீ பேஸ்) மின்சார உணரியும் மோட்டார் ரிலேவும் கொண்ட பம்ப் செட் ஸ்டார்ட்டர்’ என்று போட்டோம். மும்முனை இல்லாதபோது மட்டும் மற்ற சிம்மைச் சோதிக்கும் அமைப்பை முதல் வரிக்கே கொண்டுவந்தோம். அது டி1-லும் இல்லை, டி2-லும் இல்லை. வெறும் அல்காரிதம் என்ற ஆட்சேபத்துக்கு, அந்த ஆனைமலை ராத்திரியின் பதிவையும், புதுப் பெட்டி வைத்த பிறகு அதே தோப்பில் எடுத்த பதிவையும் காட்டி, கருவியே இதனால் வேறு விதமாக வேலை செய்கிறது என்று விளக்கினோம். இப்போது விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். வீடியோவில்தான் நடக்கும். அதற்கு நடுவில், வெளியான விண்ணப்பத்தைப் பார்த்து யாராவது எதிர்ப்பு மனு போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆக, டீலர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காப்புரிமை கிடைக்காமல் கிடைத்தது என்று பெட்டியில் போடுவது சட்டப்படி தவறு. 120-ம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விண்ணப்பிக்காமல் ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்று போட்டாலும் அதே பிரிவுதான். அபராதத்தை விடுங்கள், உங்களிடம் பொய் சொல்லி ஒரு பெட்டி விற்க எனக்கு மனசு வராது. எங்கள் ஸ்டிக்கரில் விண்ணப்ப எண் இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் பக்கத்தில் அதைப் போட்டால் பரிசோதகரின் ஆட்சேபம், எங்கள் பதில் எல்லாம் காசில்லாமல் படிக்கலாம். மற்ற பெட்டிகளில் எண் போட்டிருந்தால் அதையும் அப்படியே தேடிப் பாருங்கள். எண்ணே இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

சில டீலர்கள் கேட்ட மற்றவை. காப்புரிமை வந்தால் விலை ஏறுமா? ஏறாது. காப்புரிமை என்பது மற்றவர் இதைச் செய்து விற்பதைத் தடுக்கும் உரிமை, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. அதை வைத்து உங்களிடம் கூடுதலாக வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வராமல் போனால் சர்வீஸ் நின்றுவிடுமா? நிற்காது. இரண்டு ஆண்டு வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பரிசோதகர் காட்டிய வெளிநாட்டுக் காப்புரிமையால் நமக்கு வழக்கு வருமா என்று உடுமலையிலிருந்து ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. ஓர் ஆவணம் உலகில் எங்கே வெளியாகியிருந்தாலும் ‘இது முன்பே இருக்கிறது’ என்பதற்குச் சாட்சியாகும். ஆனால் தடுக்கும் உரிமை, காப்புரிமை கொடுத்த நாட்டுக்குள் மட்டும்தான். டி1, டி2 இரண்டும் இந்தியாவில் பதிவாகவில்லை என்று ஏஜென்ட் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், பழைய 2ஜி பெட்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவதாக ஜியோ சிம் போட்டு வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புகிறீர்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அந்தப் பெட்டியில் அது எடுக்காது. பெட்டியில் கோளாறு இல்லை. அவர்களுக்கு 4ஜி போர்டு மட்டும் மாற்றித் தருகிறோம், முழுப் பெட்டி வாங்க வேண்டாம். உங்கள் டீலரிடம் சீரியல் நம்பரைச் சொல்லிவிடுங்கள். விசாரணை முடிந்ததும், எந்தப் பக்கம் தீர்ந்தாலும், அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கணபதி, கோவை