தும்மலில் பிறந்த மெட்டு

திண்டுக்கல்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீயும் மாப்பிள்ளையும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தீர்கள். அவர் அடெல் என்கிறார், நீ பில்லி ஐலிஷ் என்கிறாய். “அப்பா, நீங்களே சொல்லுங்க, ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டுலயே எது பெஸ்ட்?” என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான், ரெண்டு வரியில் சொல்கிற சங்கதி இல்லை இது. அடுத்த மாதம் அந்தப் பாட்டுகளை ஆர்கெஸ்ட்ரா வைத்து வாசிக்கிற கச்சேரிக்கு லண்டனில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்களே, அதற்குள் என் கட்சியையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் ரெண்டு பேரும் பாடகியை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். டைட்டில் பாட்டு முடிந்த பிறகு அந்த மெட்டு படத்துக்குள் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. இந்தப் புத்தி எனக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தியேட்டர் ஆபரேட்டர். எங்கள் காலத்தில் பழைய பாண்ட் படங்கள் காலைக்காட்சியாகத்தான் நம் பக்கம் வரும். பிரிண்ட் ஊர் ஊராக ஓடித் தேய்ந்திருக்கும். அந்த மனிதர் மேட்னிக்கு நேரமாகிறது என்று டைட்டில் பாட்டை முழுசாக வெட்டிவிடுவார். துப்பாக்கிக் குழலுக்குள் பாண்ட் திரும்பிச் சுடுவார், ஒரு சண்டை நடக்கும், அடுத்த நிமிஷம் நேராகக் கதைக்குள் போய்விடும். அப்படித்தான் ‘கோல்ட்ஃபிங்கர்’ பார்த்தேன். ஷெர்லி பாஸி என்று ஒருவர் பாடியிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழித்து ஒரு கேசட்டில் அந்தப் பாட்டைக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. அட, சுவிஸ் மலைப்பாதையில் வில்லனின் காரைப் பாண்ட் பின்தொடர்ந்து போகும்போது சோம்பலாக வந்த மெட்டு இதுதானே! பாட்டைக் கேட்காமலே எனக்கு அது மனப்பாடமாக இருந்தது. அதுதான் ஜான் பாரி.

பாரி மொத்தம் 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். யார்க் நகரத்துக்காரர். அவருடைய அப்பா சினிமா தியேட்டர்கள் நடத்தியவர், அதனால் வெள்ளைத்திரைக்கு முன்னாலேயே வளர்ந்த பிள்ளை. டைட்டில் பாட்டை முதலில் கட்டிவிட்டு, அதே நூலை எடுத்துப் படம் முழுக்கத் தைப்பார். துரத்தலில் ஒரு துண்டு, காதலில் ஒரு துண்டு, யாராவது செத்துக்கிடந்தால் அதே மெட்டு மெதுவாக. பாஸி அந்தக் கடைசி நோட்டைப் பிடித்த கதை உனக்குத் தெரியுமா? திரையில் டைட்டில் ஓடி முடிகிறவரை விடாதே என்று பாரி சைகை காட்டிக்கொண்டே இருந்தாராம். மூச்சு முட்டியதால் உள்ளே போட்டிருந்த இறுக்கமான உடுப்பைத் தடுப்புக்குப் பின்னால் கழற்றி எறிந்துவிட்டு வந்து பாடியதாகப் பாஸியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மனுக்கு அந்தப் பாட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த 1965-இல் அந்தப் பட ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

அதற்கும் முன்னால் போகவேண்டும். 1962, முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’. பாண்டுக்கே அடையாளமான அந்தக் கிடார் மெட்டை உனக்கு ஸ்வரமாகவே எழுதுகிறேன், பாட்டு டீச்சரிடம் போன ஆறு மாதம் வீண்போகவில்லை என்று காட்டு:

ச ரிரி ரி ரி ச ச ச, ச கக க க ரி ரி ரி.

சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம். மூணே ஸ்வரம்தான். கிடாரில் இருக்கிறதிலேயே தடித்த தந்தி ஒன்று போதும்: சும்மா ஒரு தட்டு, இரண்டாம் கட்டை (ஃப்ரெட்), மூன்றாம் கட்டை. அதற்கு அடியில் இன்னொன்று ஓடும்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். ரெண்டு தைவதமும் பைரவி ராகத்திலும் உண்டு, ஆனால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று மரியாதையாக ஒதுங்கிப்போகும். இங்கே ரெண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஏதோ ஆள் ஒளிந்திருக்கிற மாதிரி ஒரு உறுத்தல் வருகிறதே, அது அந்த உரசலால்தான்.

இந்தக் கிடார் மெட்டின் பூர்வீகம்தான் வேடிக்கை. எழுதியவர் மான்ட்டி நார்மன். அவர் அதை உளவாளிக்காகப் போடவே இல்லை. டிரினிடாட்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகளைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசைநாடகமாக்கப் பார்த்தார்கள். அதற்காக நார்மன் போட்டுவைத்திருந்த பாட்டு அது. தனக்கு வாய்த்தது ராசியில்லாத தும்மல் என்று ஒருவன் புலம்புவான். நாடகம் மேடையேறவில்லை, பாட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. பாண்டுக்கு இசை வேண்டும் என்றதும் அதை எடுத்தார். இழுத்துப் பாடுகிற வரியை வெட்டி வெட்டி, தட்டித் தட்டி நிறுத்தினார், அவ்வளவுதான். யாராவது வெளியே கிளம்பும்போது தும்மினால் உன் அப்பத்தா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாளே, அந்தத் தும்மல்தான் துப்பாக்கி தூக்கியது!

நார்மன் கொடுத்த மெட்டைப் பாரியிடம் ஒப்படைத்து இசைக்கோர்வை செய்யச் சொன்னார்கள். கூலி 250 பவுண்டு. பித்தளை வாத்தியங்களின் உறுமல், நடுவில் வரும் ஜாஸ் துள்ளல் எல்லாம் பாரியின் கைவண்ணம். கிடார் வாசித்தது விக் ஃபிளிக். அப்புறம் யார் பெற்ற பிள்ளை என்று தகராறு வந்து, பாரிதான் உண்மையில் இயற்றினார் என்று எழுதிய ஒரு பத்திரிகை மீது நார்மன் வழக்குப் போட்டு, 2001-இல் 30,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். சட்டப்படி பிள்ளை நார்மனுடையது. ஆனால் சட்டை தைத்துப் போட்டு, தலைசீவி ஊருக்குள் கூட்டிவந்தது பாரி. எனக்கு இதில் ரெண்டு பேர் மேலும் பிரியம்தான்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் கச்சேரி தொடங்குமுன் மைக் சரிபார்க்க இதைத்தான் வாசிப்பேன். திருவிழாக் கூட்டத்தில் கடலை கொறித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் இது என்ன துப்பாக்கி என்று ஒரு தர்மகர்த்தா திட்டியதும் உண்டு.

அப்புறம் ‘ஆக்டோபஸி’. 1983 படம், நம் ஊருக்கு வரத் தாமதமாயிற்று. உன் அம்மா என்னோடு பார்த்த ஒரே பாண்ட் படம் அதுதான், அதுவும் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜுக்காக. உதய்பூர் படித்துறையில் ரோஜர் மூர் படகிலிருந்து இறங்கி வருகிறார். கூட்டத்துக்குள் ஒரு பாம்பாட்டி மகுடி ஊதுகிறான். ஊதுவது என்ன? பாண்ட் மெட்டு! ஊதுகிறவர் நம் சென்னைக்காரர் அமிர்தராஜ், படத்திலும் பெயர் விஜய்தான். தியேட்டரில் விசில் அடங்கவில்லை. பிறகு ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிப்பார். வேடிக்கை பார்க்கும் ஜனங்களின் தலை மேட்ச் பார்ப்பதுபோல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த மகுடி காதைவிட்டுப் போகவே இல்லை. தும்மல் பாட்டின் கதையைப் பிற்பாடு படித்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. டிரினிடாட் இந்தியனுக்காகப் போட்ட மெட்டு, லண்டனில் கோட்டுசூட்டு மாட்டி, உலகம் சுற்றி, இருபது வருஷம் கழித்து ஒரு தமிழன் கையிலிருந்த மகுடிக்கு வந்திருக்கிறது.

நடுவில் வந்த இசையமைப்பாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1973-இல் ஜார்ஜ் மார்ட்டின் வந்தார், பால் மெக்கார்ட்னி பாடினார். பதிவைக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு, யாரைப் பாடவைக்கலாம்?” என்று அதே சால்ட்ஸ்மன் கேட்டாராம்! மார்வின் ஹாம்லிஷ் பாட்டு அழகு, பின்னணியில் டிஸ்கோ தாளம் கொஞ்சம் வியர்க்கவைக்கும். பில் கான்ட்டி படத்தில் ஷீனா ஈஸ்டன் டைட்டிலிலேயே முகம் காட்டினார், அதற்கு முன் எந்தப் பாடகியும் அப்படி வந்ததில்லை. ‘கோல்டன்ஐ’-யில் எரிக் செர்ரா கிடார் மெட்டை இரும்புப் பட்டறைச் சத்தமாக்கிவிட்டார். டாங்கியைப் பாண்ட் ஓட்டிப்போகும் காட்சிக்கு மட்டும் வேறு ஒருவரை வைத்துப் புது இசை போடவேண்டியதாயிற்று.

டேவிட் அர்னால்ட் வேறு ரகம். ‘கேசினோ ராயல்’ பட டைட்டில் பாட்டைக் கிறிஸ் கார்னலோடு சேர்ந்து அவரே போட்டார். அதனால் அந்த மெட்டு படம் முழுக்க நடமாடுகிறது. அசல் பாண்ட் மெட்டைக் கடைசிக் காட்சிவரை முழுதாகத் தரவே இல்லை. ஆள் தன் பெயரைச் சொல்கிறான், அப்போதுதான் கிடார். பசியோடு உட்காரவைத்து, கடைசியில் இலை போட்டார் மனிதர். நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அடெல் பாட்டு, ‘ஸ்கைஃபால்’, பெரிய பாட்டுதான். ஆஸ்கார் வாங்கிய முதல் பாண்ட் பாட்டு அது. அதன் அடியிலும் பாண்ட் மெட்டின் அந்த உறுத்தல் ஓடுகிறது, கவனித்துக் கேட்டால் பிடிபடும். ஆனால் படத்துக்கு இசை தாமஸ் நியூமன். அவர் மகாவ் சூதாட்ட விடுதிக்குப் பாண்ட் படகில் வரும் இடத்தில் அந்த மெட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார், அதோடு சரி. பாட்டு மாடியில், படம் கீழ்வீட்டில். உன் பில்லி ஐலிஷ் பாட்டை, ‘நோ டைம் டு டை’யை, ஹான்ஸ் சிம்மர் படத்துக்குள்ளும் இழைத்திருக்கிறார். என் அளவுகோல்படி நீ ஜெயித்தாய். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லு, அடுத்த முறை வரும்போது என்னோடு பேசாமல் இருந்துவிடப்போகிறார்.

என் ஓட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் இல்லை. 1969-இல் பாரி ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்துக்கு டைட்டிலில் பாட்டே வைக்காமல் வாத்திய இசை மட்டும் போட்டுவிட்டு, நடுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பாடவைத்தார். நமக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று பொருள்படும் பாட்டு. ஆம்ஸ்ட்ராங் அப்போது உடம்பு முடியாமல் இருந்தார், ட்ரம்பெட் ஊத முடியவில்லை, குரல் மட்டும் கொடுத்தார். 1971-இல் போய்ச்சேர்ந்தார். அந்தப் படத்தின் முடிவில் பாண்ட், சுடப்பட்டுக் கிடக்கும் புது மனைவியை மடியில் வைத்துக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொல்வார். உன் பில்லி படத்தில் சிம்மர் மறுபடி எடுத்தது அந்த மெட்டைத்தான். 52 வருஷம் கழித்து.

கச்சேரியில் பாண்ட் மெட்டு முடியும் இடத்தைக் கவனித்துக் கேள். கடைசியில் கிடார் பல ஸ்வரங்களை ஒரே தட்டில் சேர்த்து ஒரு கார்டு (chord) அடித்து நிற்கும்: ச, க, ப, காகலி நிஷாதம், மேலே ரி. கீரவாணி ராகக்காரன் ஒருவன் வாசற்படியில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பது மாதிரி இருக்கும். பரணில் இருந்து கிடாரை இறக்கித் தந்தி மாற்றியிருக்கிறேன், நாலு நாளாக அந்த ஐந்து ஸ்வரத்துக்கும் விரல் எட்டவில்லை. வாசிப்பவர் ஆறாவது தந்தியில் எந்தக் கட்டையில் விரல் வைக்கிறார் என்று கிட்டே போய்ப் பார்க்க முடிந்தால் பார்த்துச் சொல். ‘அந்தப் பாம்பாட்டி பாட்டு வாசிப்பாங்களான்னு கேளுங்க’ என்கிறாள் அம்மா, பக்கத்தில் நின்றுகொண்டு.

அன்புடன்,
அப்பா