பாகம் என்னுடையது, லிஃப்ட் உங்களுடையது

சென்னையில் ஜெர்மன் கார்களைப் பழுதுபார்க்கும் தனியார் ஓர்க்‌ஷாப் முதலாளிகளுக்கு,

வணக்கம். பன்னிரண்டு வயதான ஒரு ஜெர்மன் செடான் வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்துக்கு அப்புறம், ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். உங்களில் ஒருவரிடம் கொண்டுவந்தேன். லிஃப்டில் ஏற்றவே இல்லை. தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "மொத்தமா போச்சு சார், ஆர்ம் செட்டு, ஷாக் அப்சார்பர் எல்லாம் மாத்திடலாம்" என்று 1,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். (ஆர்ம் என்றால் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். (செகரட்டரி வந்து திட்டிவிட்டுப் போனார்.) ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி முறுக்கிக்கொண்டு, அதன் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடை விடாது. இடது லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினேன், கையிலேயே கடகடத்தது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸும் மண்ணும் குழைந்து வழிந்திருந்தது. நட்டைச் சுற்றினால் உள்ளே ஸ்டட் என்ற மறைத்தண்டும் கூடவே சுற்றும். அதன் நுனியில் உள்ள நட்சத்திரக் குழியில் டார்க்ஸ் பிட்டைச் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பானர் போட்டால்தான் கழலும். இரண்டு பக்கமும் மாற்ற மூன்று மணி நேரம், பாகங்களுக்கு 6,200 ரூபாய். சத்தம் நின்றுவிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்வான் போல என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைப் பிரிக்க என்னால் ஆகாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங் கிளாம்பிலிருந்து நழுவினால் ஆளையே அடித்துவிடும். ஆடி ஏ4 மாதிரி வண்டிகளில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நாலு ஆர்ம். மேல் ஆர்ம் இரண்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இறுக்கிப் பிடிக்கும் அந்த நீளமான போல்ட் துருப்பிடித்து உறைந்துபோனால், சூடு காட்டி, தட்டி, துளைபோட்டு எடுப்பதற்குள் உங்கள் மெக்கானிக்குகளே அரை நாள் அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு நீங்கள் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பேன்.

ஆனால் கூலி வாங்கினால் வேலை சரியாக இருக்க வேண்டாமா? மூன்று வருஷம் முன்னால் வேறொரு ஓர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம் மாற்றினார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, ஆர்மின் நுனியில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் உருளையின் போல்ட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கிவிட்டார்கள். இந்த புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியே வரும், நழுவிச் சுற்றாது. தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஏழே மாதத்தில் கிழிந்தது. வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு இறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். நான் வீட்டில் செய்யும்போது ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த உயரத்துக்குத் தூக்கித்தான் இறுக்குகிறேன். கழற்றிய போல்ட்டையே திரும்பப் போடுகிற பழக்கத்தையும் பாருங்கள். ஒருமுறை இழுபட்டால் தூக்கிப்போட வேண்டிய ரகம் இந்த வண்டிகளில் நிறைய.

அடுத்தது, "வெளியே வாங்கின பார்ட்ஸை மாட்ட மாட்டோம்" என்ற உங்கள் போர்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி ஓர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியமான புகார். அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் நீங்கள். கம்பெனி உங்களுக்குச் சாத்திய கதவை இப்போது என் முகத்தில் சாத்துகிறீர்கள்.

போலி பாகம் என்கிற பயம் நியாயம்தான். ஆனால் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து தரும் லெம்ஃபோர்டரின் டப்பாவில் வருகிற ஆர்மைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் கார் கம்பெனி முத்திரை இருந்த இடம் மட்டும் அரைத்து எடுக்கப்பட்டிருக்கும். அதே வார்ப்பு, விலைதான் வேறு. பில்லில் "கூலிக்கு மட்டும் கேரண்டி" என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். பாகத்தில் உங்களுக்குப் போகிற லாபத்தைக் கூலியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் தேய்ந்த பாகத்தைக் கம்பியால் நெம்பி எனக்குக் காட்டுங்கள். கழற்றிய பழசை டிக்கியில் போட்டு அனுப்புங்கள்.

இப்போது பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் புஷ் இரண்டும் வெடித்திருக்கின்றன. புது புஷ்ஷும் புது போல்ட்டும் வாங்கி வைத்துவிட்டேன். அமுக்கி ஏற்றுகிற பிரஸ் என்னிடம் இல்லை. சனிக்கிழமை காலை உங்களில் யாருடைய லிஃப்ட் காலியாக இருக்கிறதோ, சொல்லுங்கள், வண்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ஜெர்மன் கார்க்காரன் ஒருவன்