பெட்டியைப் பிரித்துக் கட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சின்னக் கார் மாடல்கள் சேகரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க விலைப் பேச்சாகவே இருந்தது. எந்த மாடல் எவ்வளவுக்குப் போகிறது, பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பதோடு முடிந்துவிட்டது. இந்த மாடல்களில் ஒரு வகை பிரித்துக் கட்டுவதற்கென்றே வருகிறது. இஞ்சின் பிளாக் இரண்டு பாதியாக, சேஸிஸ் தனியாக, சீட் தனியாக, ஸ்டியரிங் தனியாக, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஒட்டிக் காராக்க வேண்டும். அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதில் யாருக்கும் எதுவும் தெரிய வராது. கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் இஞ்சின் ரீபோரிங் பட்டறை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை, நடத்தியவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து பழைய அமெரிக்க ஹாட் ராட் கார்களை 1/25 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹாட் ராட் என்றால் என்ன என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு, பானெட் என்று எடையைக் கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இஞ்சினைத் தேற்றி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வற்றி சிமென்ட் தளம் மாதிரி கிடக்கும் அந்த ஏரியில் எவ்வளவு வேகத்தில் வேண்டுமானாலும் போகலாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். காயலான் கடையில் கிடைத்ததை வைத்துக் கட்டியவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் பலர், அங்கே கற்ற மெக்கானிக் வேலையோடு இதில் இறங்கினார்கள். 1949இல் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புப் பாலைவனத்திலும் ஹாட் ராட்களுக்கு வேகப் போட்டி தொடங்கியது.

என்னை இழுத்தது வேகத்தைவிட இன்னொரு விஷயம். ராபர்ட் பீட்டர்சன் என்பவர் 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒருவர் தன் பட்டறையில் கண்டுபிடித்த வழியை இன்னொருவர் படித்துத் தன் வண்டியில் செய்து பார்க்கலாம் என்ற நிலை அதன் மூலம் பரவலானது. போட்டியில் எதிரெதிரே நிற்பவர்கள்கூட கார்புரேட்டர் அளவையும் கேம் ஷாஃப்ட் விவரத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். நம் ஊரில் நான் தொழில் கற்றுக்கொண்ட பட்டறையில் மேஸ்திரி முக்கியமான அளவு எடுக்கும் நேரத்தில் எங்களை டீ வாங்கி வர அனுப்பிவிடுவார். நல்ல கைத்திறன் உள்ள மனிதர். அவருக்குத் தெரிந்ததில் பாதி அவரோடு போய்விட்டது.

சரி, மாடலுக்கு வருகிறேன். டெட்ராய்ட் பக்கம் ஏஎம்டி என்றொரு நிறுவனம் 1948இல் தொடங்கியது. புதுக் கார்களின் சின்ன வடிவங்களைச் செய்து கார் விற்பனைக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1958இல் அதையே பிரித்த துண்டுகளாகப் போட்டு 'ஒன்றில் மூன்று' என்று கிட் விற்றார்கள். கடையில் வந்தபடியே கட்டலாம், அலங்காரமாக மாற்றிக் கட்டலாம், ரேஸ் வண்டியாகவும் கட்டலாம். அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஹாட் ராட் அறிவு வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது அப்படித்தான். ரெவெல், மோனோகிராம் போன்ற மாடல் நிறுவனங்களும் இதே வேலையைச் செய்தன.

எல்லோரும் முதலில் கேட்பது 1932 ஃபோர்டைத்தான். அந்த ஆண்டுதான் ஃபோர்டு, பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் தன் வி8 இஞ்சினைச் சாதாரண விலைக் காரில் வைத்தது. 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர், 65 குதிரைத் திறன். இந்த இஞ்சினில் வால்வுகள் தலையில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தலை வெறும் தட்டையான மூடிதான், அதனால் ஃபிளாட்ஹெட் என்கிறார்கள். எரிந்த புகை வெளியே போக பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் ஓடும் அறையைக் கடந்து போக வேண்டும். அதனால்தான் இந்த இஞ்சின் சீக்கிரம் சூடாகும் என்று பெயரெடுத்தது. நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கும் புகை வழி ஒன்றே. ஆக, ஒரு பக்கம் நான்கு சிலிண்டர் இருந்தும் வெளியே தெரிவது மூன்று வாய்தான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், மாடல் கட்டுகிறவன் வேறொரு கிட்டிலிருந்து நான்கு குழாய் எக்ஸாஸ்டை, அதாவது புகைக்குழாயை, எடுத்து ஃபிளாட்ஹெட்டில் ஒட்டினால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். எக்ஸாஸ்டில் நான்கு குழாய் வேண்டுமென்றால் 1955இல் வந்த ஷெவர்லே வி8 வைக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஷெவர்லேயில் பின்பக்கம், டிரைவர் கால் பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். அந்தப் பழைய ஃபோர்டில் முன்பக்கம். ஆகவே இஞ்சின் மாறினால் பிளக் வயர் போகும் வழியும் தலைகீழாக மாறிவிடும்.

பிளக் வயர் போடுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. நிஜ வயர் 7 மி.மீ. தடிமன் என்றால் மாடலில் 0.28 மி.மீ. பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் உள்ளே ஏறக்குறைய அந்த அளவில் மெல்லிய இழை கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஊசி மாதிரி டிரில் பிட்டைக் கையாலேயே சுற்றி ஓட்டை போட வேண்டும். அப்புறம் எந்த ஓட்டையிலிருந்து எந்தச் சிலிண்டருக்கு? நான்கு சிலிண்டர் இஞ்சினில் தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2, அது நம் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஷெவர்லே வி8க்கு 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டுக்கு 1-5-4-8-3-6-7-2. சிலிண்டருக்கு எண் போடும் முறையும் வேறு. ஷெவர்லேயில் ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஃபோர்டில் 1 முதல் 4 வரை வலப்பக்கம், 5 முதல் 8 வரை இடப்பக்கம். இந்த வரிசையைப் பார்த்து வயர் போட்ட ஒரு பையன் பிறகு நிஜ இஞ்சின் முன்னால் நின்றால் திணற மாட்டான். என் பேரனும் அவன் நண்பர்களும் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன்.

கூரையை வெட்டித் தாழ்த்தும் வேலையும் உண்டு, டாப் சாப் என்பார்கள். நிஜக் காரில் 3 அங்குலம் எடுத்தால் மாடலில் 3 மி.மீ. 1932 ஃபோர்டில் ஜன்னல் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால், வெட்டிய கூரை பெரிய தொந்தரவில்லாமல் உட்கார்ந்துவிடும். 1949 மெர்க்குரி மாதிரி சாய்ந்த கண்ணாடியும் உருண்ட கூரையும் உள்ள காரில் அப்படி நடக்காது. தாழ்த்தினால் மேல் துண்டும் கீழ் துண்டும் ஒன்றுக்கொன்று நேராக வராது. கூரையைக் குறுக்கே அறுத்து நீட்ட வேண்டும், இல்லையென்றால் தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். தகட்டு வேலை செய்யும் டிங்கருக்கு வரும் அதே சிக்கல் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பதும் அதே மாதிரிதான்.

என் அக்கா மகன் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். அவன் மூலமாக அங்கே ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட் ஒருவர் எனக்குப் பழக்கமானார். இளம் வயதில் நிஜ ஹாட் ராட் கட்டியவர், இப்போது மாடல் கட்டுகிறார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, பழைய கிட்களில் வரும் மெத்தென்ற வினைல் டயர் நாளாக ஆக பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடும் என்று. டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி வைத்தால் போதும். கிட்டில் வரும் குரோம் பூச்சு பிடிக்கவில்லையென்றால் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

பதிலுக்கு நான் சொன்னவையும் உண்டு. அவர் பாலைவனக் காற்றில் பெயிண்ட் அடிப்பவர். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் ஈரக் காற்றில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்கு நம் பெயிண்டர்கள் மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டரைக் கொஞ்சம் கலப்பார்கள். கடற்கரை ஊரில் இருக்கும் தன் தம்பிக்கு இதைச் சொல்லி அனுப்பினாராம் அவர்.

இன்னொன்றைக் கேட்டு அவர் அசந்துபோனார். பெட்ரோல் அம்பாசிடரில் அந்த இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சின் ஏற்றுவது நம் பட்டறைகளில் ஒரு காலத்தில் சாதாரண வேலை. இஞ்சினுக்கும், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே அடாப்டர் பிளேட் ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் உள்ளே போகும் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். 1949இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் புது வி8 இஞ்சின்களைக் கொண்டுவந்த பிறகு, ஹாட் ராட்காரர்கள் அவற்றைப் பழைய ஃபோர்டு கியர் பாக்ஸோடு சேர்த்ததும் இதே மாதிரி அடாப்டர் வைத்துத்தான். படம் வரைந்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இப்போது அவர் அமெரிக்காவில் உட்கார்ந்து டீசல் அம்பாசிடர் ஒன்றைச் சின்ன அளவில், பிளாஸ்டிக் தகட்டை வெட்டியே கட்டிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர்ப் பட்டறை வேலை ஒன்றை இவ்வளவு ஆர்வமாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தியது. ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கொடுத்தார்கள். 1947இல் அதில் ஜெயித்த சக் ஜோர்டன் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். ஒரு பையன் கையால் செய்த சின்னக் காரைப் பார்த்து அவன் எதிர்காலத்தை நம்பினார்கள். நம் ஊரில் இவ்வளவு மோட்டார் தொழிற்சாலைகள் இருக்கின்றன, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, அப்படி ஒரு போட்டியை யாராவது நடத்தக் கூடாதா?

நிஜக் காரில் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இங்கே இப்போது வழி குறைவு. பதிவு செய்த வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலையில் போகிற மற்றவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாடலில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், எந்த இஞ்சினையும் எந்தச் சேஸிஸிலும் உட்கார வைத்துப் பார்க்கலாம்.

கிட் வாங்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம் என்பது உண்மை. கிட் இல்லாமலும் முடியும். நிஜக் காரின் வீல்பேஸை, அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை, 25ஆல் வகுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகடும் அட்டையும் வைத்துத் தொடங்கலாம். 1932 ஃபோர்டுக்கு 106 அங்குலம், மாடலில் 107.7 மி.மீ. நம் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் யாராவது அளவெடுத்துக் கொடுத்தால் நம் பிள்ளைகள் அவற்றைக் கட்டுவார்கள்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற மெக்கானிக், டிங்கர், லேத்காரர், பெயிண்டர் யாராக இருந்தாலும் தனக்குத் தெரிந்த ஒரு வேலையை அளவோடும் படத்தோடும் எழுதட்டும். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல உங்கள் நிருபர் எழுதிக்கொள்ளலாம். மாடல் கட்டும் பிள்ளைகள் அதைச் சின்ன அளவில் செய்து படம் அனுப்பட்டும். முதல் மாதத்துக்கு அம்பாசிடர் அடாப்டர் பிளேட்டின் படத்தை, துளை அளவுகளோடு, இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கின்றன. அச்சில் சின்னதாக்கினால் எண்கள் தெரியாமல் போகும், தயவுசெய்து முழு அகலத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ரீபோரிங் பட்டறைக்காரர்,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்