முகம் தெரியாமல் மார்க் போடு

அன்புள்ள சேது,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலம்தானே? அடுத்த மாதம் வந்து பார்க்கிறோம்.

எங்கள் சர்ஜரி யூனிட்டில் ஒருவழியாக, லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பழகும் பெட்டியான பாக்ஸ் ட்ரெய்னர் வைத்துவிட்டோம். டியூட்டி முடிந்ததும் மேற்படிப்பு டாக்டர்களான பிஜிக்கள் ஆளுக்கு அரை மணி நேரம் அதில் பழகுகிறார்கள். அமெரிக்காவில் லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் திறனுக்கான எஃப்எல்எஸ் தேர்வில் வைக்கிற ஐந்து வேலைகள்தான். முதலில் பெக் டிரான்ஸ்ஃபர். ஆறு ரப்பர் துண்டுகள். இடக்கையில் உள்ள கிராஸ்பரால் (நீண்ட பிடிகருவி) எடுத்து, அந்தரத்திலேயே வலக்கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கக் குச்சியில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்ததும் அதேபோல் திரும்பவும் கொண்டுவர வேண்டும்.

ஒரு பெண், ஓப்பன் சர்ஜரியில் அருமையான கை. முதல் நாள் துண்டை எடுக்கக் கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். திரையில் முனை வலப்பக்கம் ஓடியது. கருவி நுழையும் துளையான போர்ட்தான் ஊன்றுபுள்ளி, கை போகும் திசைக்கு எதிரேதான் முனை போகும் என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஆழமும் பிடிபடாமல், துண்டுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே கிராஸ்பரை மூடினாள். மூன்றே வாரம்! இப்போது ஒரு துண்டும் கீழே விழுவதில்லை.

இந்தத் தடுமாற்றத்தையெல்லாம் நாம் நோயாளியின் வயிற்றுக்குள் வைத்துத்தானே கடந்தோம், சேது? நான் கிழித்த அந்தப் பித்தப்பையும், சிதறிய கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பிஜிக்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. சிமுலேட்டரில் பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அதற்குப் பிறகும் இவ்வளவு வருஷம் தாமதித்திருக்கிறோம்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். வெறும் நேரத்தை வைத்து மார்க் போட எனக்கு மனசில்லை. எல்லாரையும்விடச் சீக்கிரம் முடிக்கிற பையன்தான் திசுவை வெடுக்கென்று இழுக்கிறான். அதனால் ஆபரேஷன் தியேட்டரில், லேப்ராஸ்கோப்பித் திறனை மதிப்பிடும் கோல்ஸ் அளவுகோலையே வைத்துக்கொண்டேன்: ஆழம் அறிவது, இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வது, வீண் அசைவு இல்லாமை, திசுவைப் பதமாகக் கையாள்வது, தானாகச் செய்வது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆனால் தினமும் என்னோடு ரவுண்ட்ஸ் வருகிற பிள்ளைகள். முகத்தைப் பார்த்தால் என் பேனா ஒருபக்கம் சாய்கிறது.

நாலு லேப் கோலி (லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை அகற்றும் ஆபரேஷன்) வீடியோ அனுப்புகிறேன். கல்லீரலிலிருந்து பித்தப்பையைப் பிரிக்கிற பகுதி மட்டும். பிஜி பெயரோ நோயாளி விவரமோ இருக்காது, எண்தான். குரல் கேட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் ஒலியையும் எடுத்துவிட்டேன். ஒலி இல்லாமல் யார் எவ்வளவு சொல்லிக்கொடுத்து நடந்தது என்று தெரியாது. ஆகவே ஐந்தாவதை நான் போடுகிறேன், மற்ற நாலும் உன் பொறுப்பு.

மார்க் வந்து சேரும்வரை யார் எந்த எண் என்று போனில் கேட்காதே.

அன்புடன்,
ராஜு