வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மாலையில் கூட்டம் என்ற வழக்கம் தொடர்ந்தது. மதுரைச் சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு ஏப்ரல் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. அந்த நாட்களின் நெரிசலில் கோரிப்பாளையத்தைத் தாண்டி வாருங்கள் என்று யாரையும் அழைக்க முடியாது.

இந்த ஆண்டு மாறியது கூட்டம் நடத்தும் முறை. 'நல்லாயிருந்தது', 'இழுவை' என்ற இரண்டு தீர்ப்புகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது என்ற குறை சென்ற பொதுக்குழுவிலேயே எழுந்தது. இப்போது அறிமுகம் செய்பவருக்குப் பத்து நிமிடம். அவர் கதை சொல்லக் கூடாது. படித்து வந்தவருக்கு அது தேவையில்லை, படிக்காமல் வந்தவருக்கு அது அடுத்த மாதமும் படிக்காமல் வர வசதி. நூலில் மூன்று இடங்களை எடுத்து வாய்விட்டுப் படித்து, அவை ஏன் நிற்கின்றன அல்லது ஏன் சறுக்குகின்றன என்று சொன்னால் போதும். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம், இடைமறிப்பு கிடையாது. மறுப்பெல்லாம் இரண்டாம் சுற்றில். யார் என்ன கருத்து சொன்னாலும் நூலில் அதற்கான இடத்தைக் காட்ட வேண்டும்.

இடத்தைக் காட்டுவதில்தான் சிக்கல் வந்தது. ஒரே நாவலுக்குப் பல பதிப்புகள். எழுத்தளவும் தாளளவும் மாறுவதால் ஒருவருடைய 84ஆம் பக்கம் இன்னொருவருக்கு 97ஆம் பக்கம். இப்போது அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் நான்கு சொற்களையும் சொல்கிறோம். மின்னூலில் படிப்பவர்களும் அந்தச் சொற்களைத் தட்டிச் சட்டென்று இடத்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஜல்லிக்கட்டைச் சொல்லும் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) சிறிய நாவல் என்பதால் ஒரே அமர்வில் முடிந்தது. நாயகன் பிச்சியின் தகப்பன் ஜமீன்தாரின் காரிக்காளையிடம் குத்துப்பட்டுச் செத்த சேதி, வாடிவாசலில் நிற்பவர்களின் பேச்சுவாக்கில்தான் வருகிறது. வேகமாகப் படித்தவர்கள் அதைத் தவறவிட்டு, பிச்சிக்கு இந்த மாட்டின் மேல் இவ்வளவு வெறி எதற்கு என்று கேட்டார்கள். உரையாடல்களை இருவர் குரல் பிரித்துப் படித்தபின் அந்தக் கேள்வி எழவில்லை. அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்து உறுப்பினர்கள் மாட்டைப் பற்றியே பேசினார்கள், டவுன்காரர்கள் ஜமீன்தாரைப் பற்றி. முடிவில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுடுவது கோபத்தாலா, மானம் போனதாலா? இரண்டாம் சுற்று முழுவதும் இதற்கே போயிற்று, தீரவில்லை.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) பற்றிய கூட்டம் எதிர்பார்த்த அளவு அமையவில்லை. கந்தனின் ஒரு நாளைச் சொல்லும் நாவல் அது. அந்த நாள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், கந்தன் நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றமாகிவிட்டது. அதை நெறியாளர் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆண்டின் கடினமான நூல் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). ஆசிரியர் மதுரையில் நாளிதழ் வேலை பார்த்தவர். நாவலோ இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்கி, அயல்மொழிப் பெயர்களும் சொற்களும் அடுத்தடுத்து வர, பலர் முதல் ஐம்பது பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். மூன்று காரியங்கள் கைகொடுத்தன. மலாக்கா நீரிணையின் வரைபடம் ஒன்றை ஒற்றைத் தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் தந்தோம். சுமத்ராவில் மெடான், எதிர்க்கரைப் பக்கம் பினாங்கு என்று தெரிந்தாலே கடல் பயணம் புரிந்துவிடும். புரியாத சொல்லுக்குப் பென்சில் கோடு மட்டும், முதல் வாசிப்பில் தேடல் வேண்டாம் என்றோம். நூலை மூன்று அமர்வுகளாகப் பிரித்தோம். நாயகன் பாண்டியனின் நினைவு முன்னறிவிப்பு இல்லாமல் மதுரைத் தெருக்களுக்குத் தாவும் பகுதிகளைத் தனியாக எடுத்துப் படித்தபோதுதான் நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழந்தமிழ் வரிகளைக் கேலியாக மடக்கிப் போடும் இடங்களை, மூலத்தை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லாவிட்டால், வெறும் அலங்காரம் என்று கடந்துவிட நேரும்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். வாரம் 60 பக்கம் என்று வைத்தாலும் நான்கு மாதத்துக்குக் குறையாது. மதுரைக் கோட்டைச் சுவர் இடிபடும் பகுதிக்கு வரும் வாரத்தில் விளக்குத்தூணில் கூடி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி வழியாக வெளி வீதிவரை நடப்பதாகத் திட்டம். கோட்டையை இடிக்கச் செய்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்ததுதான் அந்தத் தூண். மாரட், பெருமாள் இருவரும் அந்தப் பணியில் இருந்தவர்கள்.

வட்டத்தின் புத்தக அலமாரி பற்றி. தடித்த நூல்கள் பசை பைண்டிங் என்பதால், படித்த இடத்திலேயே குப்புறக் கவிழ்த்து வைத்தால் முதுகு விட்டுத் தாள் கழன்றுவிடும். கழன்ற தாளுக்கு செல்லோடேப் ஒட்டித் திருப்பித் தர வேண்டாம். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்குகிறது. தாளின் உள்ளோரத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை தடவி, உள்ளே செருகி, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, ஓர் இரவு பாரம் ஏற்றி வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இராமபாணப் பூச்சி வருகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவில் நாவல்களின் பி.டி.எஃப். போடுவதைச் செயற்குழு நிறுத்தியிருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. பிரதி கிடைக்காதவர்கள் நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் இன்றே கட்டி ரசீது பெற்றுக்கொள்ளவும். வரும் ஆண்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நெறியாளரை ஒரு மாதம் முன்பே அறிவிப்பது, நூலைத் தேர்வதற்கு முன் கடையில் பிரதி இருக்கிறதா என்று விசாரிப்பது ஆகிய இரண்டு தீர்மானங்களையும் இவ்வறிக்கையோடு பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்