தயிர்ச் சட்டி கேட்ட செல்வி அக்காவுக்கு

அன்புள்ள செல்வி அக்கா,

மின்தூக்கியில் உங்களைப் பார்த்ததும் நான் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை. "தம்பி, என் தயிர்ச் சட்டி என்னவாயிற்று?" என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயம்தான். ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால், மண்பாண்டப் பட்டறையில் கற்றுக்கொண்டு நான் வனைந்த முதல் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினேன், நினைவிருக்கிறதா? வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாம்பல் தட்டா?" என்றீர்கள். ரசம் குடிக்கிற கிண்ணம் என்றேன். சிரித்து முடித்துவிட்டு, தேக்கா சந்தையில் வாங்கிய மண்சட்டி கீறல் விட்டுவிட்டது, ஒரு லிட்டர் பால் உறை ஊற்றுகிற அளவுக்கு ஒரு சட்டி செய்து கொடு என்றீர்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்ட மண்ணும் வேண்டாம், சூளையும் வேண்டாம் பாருங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் மலேசியாவில் கோலசிலாங்கூர் போயிருந்தபோது, அங்கே தலைமுறைகளாகப் பானை செய்துவரும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கொட்டகையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். பெரிய மண் குவியலைச் சக்கரத்தில் ஏற்றி, அதன் உச்சியிலிருந்து அகல் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பதுபோல எடுத்து, நூலால் அறுத்துப் பலகையில் வைத்துக்கொண்டே போனார் ஒரு பெரியவர். பேச்சும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு நான் கட்டிய தண்டம்தான் பட்டறைக் கட்டணம். எத்தனை வெள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள், என் மனைவிக்கே பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்தது ஒரு கிலோ மண். அதைப் பிசைந்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி, சக்கரத்தின் நடுவில் ஓங்கி அறைய வேண்டும். சக்கரம் சுற்றும்போது மண் ஆடாமல் நிற்கும்படி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். படிக்கும்போது ஒரு வரிதான், எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. நாம் மண்ணைத் தள்ளுகிறோம் என்று நினைப்போம். உண்மையில் மண்தான் நம்மைத் தள்ளும். அது ஒரு பக்கம் புடைத்திருந்தால், அந்தப் புடைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளங்கையில் வந்து இடிக்கும். கை அதற்கு இடம் கொடுத்துவிட்டால் போயிற்று, கையும் மண்ணும் சேர்ந்தே ஆட ஆரம்பித்துவிடும். எங்கள் ஆசிரியைக்கு எழுபது வயதை நெருங்கும், சீனப் பெண்மணி. அவர் என் கையைப் பார்த்ததே இல்லை, முழங்கையைத்தான் பார்ப்பார். அது தொடையில் ஊன்றியிருக்கவில்லை என்றால், என் பக்கம் திரும்பாமலேயே உச்சுக்கொட்டுவார். ஆறாவது வாரம் ஒரு நாள் அந்த இடி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை, ஈரமான மண் வழுவழுவென்று கைக்குள் சும்மா இருந்தது. கண்ணைத் திறந்தால் ஆசிரியை பக்கத்தில் நிற்கிறார். "சரி, இனிமேல் குழி தோண்டலாம்" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் சட்டிக்கு வந்தேன். ஒரு லிட்டர் என்று சொல்லியிருந்தீர்கள். அளவெடுத்து, ஒரு லிட்டர் பிடிக்கிற மாதிரியே வனைந்தேன். இந்த மண் காய்ந்து, சுட்டு, வெளியே வருவதற்குள் சுமார் 12 விழுக்காடு சுருங்கும் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 12 தானே என்று விட்டுவிட்டேன். அது நீளத்துக்குச் சொன்ன கணக்கு. உயரம், அகலம், ஆழம் மூன்றும் அப்படிச் சுருங்கினால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பகலெல்லாம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சூளையிலிருந்து வந்த சட்டியில் முக்கால் லிட்டர்கூடப் பிடிக்கவில்லை.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. நம் சிங்கப்பூர்க் காற்று எப்போதுமே ஈரம்தான். டிசம்பர், ஜனவரியில் துவைத்த சட்டையே இரண்டு நாள் மூங்கில் கழியில் தொங்குகிறது, பச்சைப் பானை எப்படிக் காயும்? காய்ந்ததுபோல வெளுத்துத் தெரியும். ஆனால் நம்பக்கூடாது. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குப் போனால் ஆவி வெளியேற வழியில்லாமல் பானையை வெடிக்கவைத்துவிடும். வெடிக்கிற பானை பக்கத்தில் இருப்பவர்களின் பானைகளையும் சேர்த்துக்கொண்டு போகும் என்பதால், பட்டறையில் எல்லோரும் எல்லோருடைய பானையையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றுமோ.

அடிப்பாகம் செதுக்குவதில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பானை செருப்புத் தோல்போல விறைத்ததும் கவிழ்த்துவைத்து, அடியிலிருக்கும் அதிகப்படி மண்ணைச் சீவ வேண்டும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துக் கனம் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். தட்டினேன். கேட்டது. இன்னும் ஒரே ஒரு சீவல் என்று நினைத்தேன். இப்போது அதில் என் மனைவி கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள். தண்ணீர் நன்றாக வடிகிறதாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான், அக்கா, எனக்கு மண்டையில் உறைத்தது. நீங்கள் கேட்ட பொருளை என்னால் செய்யவே முடியாது. கை போதாது என்பதற்காகச் சொல்லவில்லை (அது தனி). நாங்கள் சுடும் மண்ணே வேறு. உங்கள் தேக்கா சட்டி 1000 டிகிரிக்கும் கீழே வெந்தது. அதன் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தயிரில் இருக்கும் தண்ணீரை அது மெல்ல உறிஞ்சி வெளியே விடும், அந்த ஈரம் ஆவியாகும்போது சட்டி குளிரும். தயிர் கட்டியாக நிற்பதும் புளிப்பு ஏறாமல் இருப்பதும் அதனால்தான். எங்கள் பட்டறையில் முதல் சூடு சுமார் 1000 டிகிரி, பூச்சு பூசியபின் இரண்டாம் சூடு 1230 டிகிரி. அதில் மண்ணின் துளைகள் ஏறக்குறைய அடைபட்டுக் கல்போல ஆகிவிடும். பூச்சு உருகி மேலே கண்ணாடி வேறு. அதில் தயிர் உறையும், ஆனால் எவர்சில்வர் கிண்ணத்தில் உறைவது மாதிரிதான் உறையும். நீங்கள் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் என்னைக் கூப்பிட்டனுப்புவீர்கள்.

சொட்டு நீர் கசியாத பாத்திரத்தில் என்னதான் வைப்பது என்று யோசித்தபோது உங்கள் மாங்காய் ஊறுகாய் நினைவுக்கு வந்தது. மேலே பழுப்பும் கீழே வெளிர் மஞ்சளுமாக எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு ஜாடி இருந்ததே, அது இந்த வகைதான். பூச்சில்லாத மண்சட்டியில் ஊறுகாய் போட்டால் சில நாளில் வெளிப்பக்கம் உப்புப் பூத்துவிடும். ஊறுகாய்க்குக் கசியாத உடம்பு வேண்டும். ஆக, தயிர்ச் சட்டி ஊறுகாய் ஜாடியாயிற்று. உங்களைக் கேட்காமல் மாற்றியதற்கு மன்னிக்கவும்.

கிளேஸ் என்று இவர்கள் சொல்லும் அந்தக் கண்ணாடிப் பூச்சு இட்லி மாவு மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. மணலில் இருக்கும் சிலிக்காதான் கண்ணாடி. அது தனியாக உருக 1700 டிகிரி வேண்டும், எங்கள் சூளையில் அது நடக்காது. ஆகவே சீக்கிரம் உருகவைக்கப் பெல்ட்ஸ்பார் என்ற கல்தூளும் சுண்ணாம்பும், உருகியது வழிந்தோடாமல் பிடித்துவைக்க அலுமினா, நிறத்துக்கு இரும்போ செம்போ கோபால்ட்டோ. வாளியில் இருக்கும்போது எதுவும் தன் நிறத்தைக் காட்டாது. நீலம் வேண்டுமா, இளஞ்சிவப்பாக இருக்கும் வாளியைத் தேடு என்றார்கள்.

எனக்குச் செம்புப் பச்சை மேல் ஆசை. ஆசிரியை வாளியை மூடிவிட்டார். உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் நிற்கிற பாத்திரம், செம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகாயில் இறங்கக்கூடும் என்றார். உள்ளே நிறமே இல்லாத பூச்சு, வெளியே இரும்புப் பழுப்பு என்று அவரே முடிவு செய்தார். முதல் ஜாடியை மூன்று எண்ணும்வரை முக்கியெடுக்கச் சொன்னார், நான் ஆறு எண்ணினேன். கனமாக இருந்தால் பளபளப்பு கூடும் என்று ஒரு கணக்கு. சூளையில் அது தேன்போல வழிந்து, ஜாடியைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிட்டது. உளியால்தான் பிரித்தார்கள். தட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.

நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாலான் பஹார் பக்கம் இருக்கும் தாவ் குவாங் சூளைக்குப் போய்வந்தேன். 1940ல் கட்டியது. மலைப்பாம்பு சரிவில் படுத்திருப்பதுபோல நீளமான செங்கல் சூளை, டிராகன் சூளை என்கிறார்கள். இந்த ஊரில் அப்படி எஞ்சியிருப்பவை இரண்டுதான். விறகுச் சாம்பல் பறந்துவந்து பானைகள் மேல் விழுந்து, அந்தச் சூட்டில் தானே உருகிப் பூச்சாகிவிடுமாம். வாளியும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ரப்பர்த் தோட்டத்து மங்கு, மரத்துப் பால் பிடிக்கிற கோப்பை. உங்கள் அப்பா குளுவாங்கில் பால் மரம் வெட்டியவர் என்று சொல்வீர்களே, அவர் மரத்தில் மாட்டிய மங்குகளில் ஒன்றிரண்டு இங்கிருந்து போயிருக்குமோ என்று அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன். சாட்சி ஏதும் இல்லை. நினைப்புதான்.

இரண்டாவது ஜாடி நன்றாகவே வந்தது. தகராறு செய்தது மூடி. மூடியையும் ஜாடியையும் ஒரே நாளில், ஒரே மண்ணில் வனைந்து, வாயை அளவுகோல் முள்ளால் அளந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தே காயவிட வேண்டும். அப்போதுதான் கோணினாலும் இரண்டும் சேர்ந்து கோணும். நான் மூடியை அடுத்த வாரம் செய்தேன். அது உள்ளே விழுந்தது. மறுபடி செய்தது பொருந்தியது, ஆனால் மேலே பிடித்துத் தூக்குகிற குமிழ் கழன்றுவிட்டது. இஸ்கந்தர் ஜலில் தன் தேநீர்க் கூஜாக்களில் மரக்கிளையையே கைப்பிடியாக வைத்திருப்பார். 1988ல் கலாசாரப் பதக்கம் பெற்ற நம் ஊர்க் கலைஞர். நானும் கீழே விழுந்துகிடந்த கொய்யாக் குச்சி ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். அவர் கையில் அது அழகு, என் கையில் விறகு. எடுத்துவிட்டு மூன்றாவது மூடி செய்தேன்.

ஜாடியை நாளை காலை உங்கள் வாசலில், செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே ஒரு எலுமிச்சைத் துண்டு வைத்து இரண்டு இரவு பார்த்தேன், பூச்சு மங்கவில்லை, நிறம் மாறவில்லை. நீங்களும் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு, அதன்பிறகு ஊறுகாய் போடுங்கள். மூடி எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காராது. மூடியின் ஓரத்தில் ஒரு சிறிய கீறல் போட்டிருக்கிறேன், ஜாடியின் கழுத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் நேராக வைத்து, இடது பக்கம் கொஞ்சம் அழுத்துங்கள். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

அன்புடன்,
ஒன்பதாவது மாடித் தம்பி